வீட்டையும் தோட்டத்தையும் நாடிவரும் பறவைகள்: காயம், நுரையீரல் பாதிப்பு, பறவைக் காய்ச்சல்

காகம் தலையில் கொத்திவிட்டது. மயில் காலால் கீறிவிட்டது. நாய்க்கடிக்குப் போடும் ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டுமா? கிராமப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. வேண்டியதில்லை என்பதே விடை. ரேபிஸ் எனப்படும் வெறிநோய் பாலூட்டி விலங்குகளின் நோயாகும். நாய், பூனை, குரங்கு, நரி, கீரி போன்றவை கடித்தால் தடுப்பூசி பற்றி உடனே முடிவு செய்ய வேண்டும். பறவையின் அலகாலோ நகத்தாலோ அந்நோய் மனிதருக்கு வருவதில்லை. ஆனால் வௌவாலைப் பறவையோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது. அது பறக்கும் பாலூட்டி. வௌவால் கடித்தாலோ கீறினாலோ அன்றே மருத்துவரைக் காணவும்.

இல்லாத ஆபத்துக்கு அஞ்சி வருவோர் ஒருபுறம் இருக்க, உண்மையான ஆபத்துகள் பல நேரங்களில் மருத்துவரின் காதுக்கு எட்டுவதே இல்லை. புறா எச்சத்தைக் கூட்டியபின் வரும் இருமல், இறந்து கிடந்த காகங்களை வெறுங்கையால் எடுத்துப் புதைத்தபின் வரும் காய்ச்சல், அடிபட்ட கொக்கைத் தூக்கும்போது கண்ணில் பட்ட அலகு ஆகியவை அத்தகையவை. பறவையைப் பற்றிய ஒரு வரியை நோயாளி சொல்லாததாலும், மருத்துவர் கேட்காததாலும் சிகிச்சை தாமதமாவது உண்டு. அந்த இடைவெளியைக் குறைப்பதே இப்பக்கத்தின் நோக்கம்.

அலகும் நகமும் ஏற்படுத்தும் காயம்

கோடை மாதங்களில் காகம் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். கூடு இருக்கும் மரத்தின் அடியில் நடப்பவரின் தலையைக் குறிவைத்துப் பாய்வதும் அப்போதுதான். பருந்தும் அவ்வாறே செய்யும். காகம் தலையில் தட்டினால் கெடுதல் வரும் என்ற நம்பிக்கையால் பலர் மனம் கலங்குகின்றனர். சிலர் காயத்தைக் கழுவுவதற்கு முன் பரிகாரத்தைத் தேடிச் செல்கின்றனர். தாய்ப்பறவை தன் குஞ்சைக் காக்கிறது என்பதைத் தவிர அதில் வேறு பொருள் இல்லை. குஞ்சுகள் பறந்து செல்லும் வரை சில வாரங்களுக்கு அவ்வழியைத் தவிர்க்கவும். தவிர்க்க இயலாவிடில் குடை பிடித்துச் செல்லவும். கூட்டைக் கலைக்க முயல்வது தாக்குதலை அதிகப்படுத்தும். அம்முயற்சியில் மரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு முன் காகம் அவர்களுக்குச் செய்திருந்ததோ ஒரு சிறு கீறல் மட்டுமே.

காயத்தை ஓடும் நீரில் சோப்பு இட்டுச் சில நிமிடங்கள் நன்றாகக் கழுவவும். தலைத்தோலில் சிறு காயம்கூட அதிகமாக இரத்தம் கசியும். சுத்தமான துணியை மடித்து வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். நடுநடுவே துணியை எடுத்துப் பார்க்க வேண்டாம். சுண்ணாம்பு, காப்பித் தூள், சாம்பல், மஞ்சள் ஆகிய எதையும் காயத்தில் அப்ப வேண்டாம். அவை கிருமியை உள்ளே அடைத்துவிடும். தையல் போட வேண்டிய காயமாக இருந்தால் அதனைச் சுத்தம் செய்வதையும் கடினமாக்கும்.

பறவைக் காயத்தில் கேட்க வேண்டிய ஊசி ரேபிஸ் ஊசி அன்று. டெட்டனஸ் எனப்படும் இரணஜன்னிக்கான டி.டி. ஊசி. மண்ணையும் குப்பையையும் கிளறும் கால்களால் ஏற்பட்டது என்பதால் இதனை அசுத்தக் காயமாகவே கருத வேண்டும். கடைசியாக டி.டி. ஊசி போட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தாலோ, எப்போது போட்டீர்கள் என்பது நினைவில் இல்லையெனிலோ, அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் போட்டுக்கொள்ளவும். கட்டணம் இல்லை. குழந்தைகளுக்குத் தடுப்பூசி அட்டையை எடுத்துச் செல்லவும்.

வளர்ந்த சேவல்மயிலின் கால்களில் பின்புறம் கூரிய முள் உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் அது கண்ணாடியிலும் வாகனத்தின் பளபளப்பான பக்கத்திலும் தன் உருவத்தையே எதிரியாக எண்ணித் தாக்கும்; இடையில் நிற்பவர் மீதும் பாயக்கூடும். இம்முள்ளால் ஏற்படும் துளை மேலே சிறிதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கும். நீரிழிவு உள்ளவருக்குக் கால் அல்லது பாதத்தில் அத்தகைய துளை ஏற்பட்டால், வலி இல்லை என்பதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். நரம்பு பாதிக்கப்பட்ட காலில் வலி தெரியாது. அன்றே காட்டவும். மற்றவர்கள், காயத்தைச் சுற்றிச் சிவப்புப் பரவுதல், வெப்பம், வீக்கம், சீழ், காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் வரவும்.

கண்ணில் அலகு பட்டால்

கொக்கு, நாரை, மடையான் போன்ற நீண்ட அலகுடைய பறவைகள் மின்கம்பியில் அடிபட்டோ நைலான் வலையில் சிக்கியோ வயலில் கிடப்பதுண்டு. இரக்கத்தோடு தூக்குபவரின் முகம் அலகுக்கு எட்டும் தொலைவுக்கு வந்ததும் அவை கண்ணை நோக்கியே குத்தும். கண்ணில் பட்டால் கசக்க வேண்டாம், அழுத்த வேண்டாம். துளை விழுந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் கழுவவும் வேண்டாம். சுத்தமான காகிதக் குவளையைக் கண்ணின் மேல் கவிழ்த்து, கண்ணைத் தொடாதவாறு ஒட்டி, கண் மருத்துவர் உள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லவும். வழியில் உணவோ நீரோ கொடுக்காதிருப்பது நல்லது. அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு ஆகியவற்றைக் கண்ணில் விடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இவற்றால் கருவிழியில் பூஞ்சைத் தொற்று ஏற்பட்டுப் பார்வையை இழந்தோர் உண்டு. வீட்டில் மீதமிருக்கும் கண் சொட்டு மருந்தையும் விட வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சைத் தொற்று மேலும் தீவிரமாகும்.

அடிபட்ட பறவைக்கு உதவ விரும்பினால் கண்ணாடி அணிந்து, தடித்த துண்டை அதன் தலை மீதும் உடல் மீதும் போர்த்தி, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து வனச்சரக அலுவலகத்திற்குத் தெரிவிக்கவும்.

மயில் குறுக்கே வரும் சாலை

நமது தேசியப் பறவையான மயில், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. கோவை, திருப்பூர், திண்டுக்கல், புதுக்கோட்டை முதலிய மாவட்டங்களில் தோட்டந்தோறும் அதனைக் காணலாம். பயிரிழப்பால் விவசாயிகள் படும் துன்பம் பொய்யன்று. அதற்கான இழப்பீட்டை வனத்துறையிடம் கோருவதே வழி. தானியத்தில் பூச்சிக்கொல்லி கலந்து தூவுவது குற்றம் மட்டுமன்று. அதே தானியத்தைப் பொறுக்கும் குழந்தைக்கும், அதைத் தின்ற கோழியைச் சமைக்கும் குடும்பத்திற்கும் ஆபத்து. எச்சில் ஒழுகுதல், அதிக வியர்வை, கண்பாவை ஊசிமுனைபோல் சுருங்குதல், வாந்தி, மூச்சுத்திணறல் ஆகியவை பூச்சிக்கொல்லி நஞ்சின் அறிகுறிகள். உடனே 108ஐ அழைக்கவும். வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம்.

ஐந்து கிலோ எடையுள்ள பறவை இருசக்கர வாகனத்தின் குறுக்கே தாழப் பறந்தால் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையிலும் மாலையிலும் மயில்கள் இரைதேடச் சாலையைக் கடக்கும். அந்நேரத்தில் வேகத்தைக் குறைக்கவும். தோட்டம் வரைதானே என்று தலைக்கவசத்தை விட்டுச் செல்ல வேண்டாம். விழுந்தவர் எழுந்து நடந்து வீடு வந்துவிட்டாலும், அடுத்த 24 மணி நேரம் ஒருவர் உடனிருந்து கவனிக்க வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் எழாத உறக்கம், வலிப்பு, காது அல்லது மூக்கிலிருந்து இரத்தமோ தெளிந்த நீரோ வடிதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும். இதய நோய்க்காக இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவர் தலையில் அடிபட்டால், அறிகுறி ஏதும் இல்லாவிட்டாலும் வந்து காட்ட வேண்டும்.

இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மூட்டுவலிக்கு மயில் எண்ணெய் என்று சந்தையில் விற்கப்படுவதை வாங்க வேண்டாம். அது மூட்டுத் தேய்மானத்தைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உண்மையாகவே மயிலின் கொழுப்பு எனில் அதை வைத்திருப்பதும் குற்றம்.

எச்சத்தின் தூசியும் நுரையீரலும்

சில ஆண்டுகளுக்கு முன் ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி வறட்டு இருமலோடு என்னிடம் வந்தார். இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமல் என்பதால் முறைப்படி சளிப் பரிசோதனை செய்தோம், காசநோய் இல்லை. இருமல் மருந்து கொடுத்து அனுப்பினேன். மீண்டும் வந்தார், மீண்டும் சளிப் பரிசோதனை, மீண்டும் இல்லை. மூன்றாம் முறை உடன் வந்த மருமகள்தான் சொன்னார்: தொழுவத்தின் பரணில் புறாக்கள் அடைகின்றன, அத்தை அதைக் கூட்டிப் பெருக்கும் நாட்களில் இரவில் குளிரும் காய்ச்சலும் வருகின்றன, மறுநாள் தானாகவே சரியாகிவிடும். வீட்டில் பறவைகள் உண்டா என்று முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பி சி.டி. ஸ்கேன் எடுத்தபோது நுரையீரலின் ஒரு பகுதியில் தழும்பு விழத் தொடங்கியிருந்தது.

இதனை ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ், அதாவது மிகை ஒவ்வாமை நுரையீரல் அழற்சி என்பர். இது கிருமித் தொற்று அன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது. பறவை எச்சத்திலும் இறகுத் துகளிலும் உள்ள புரதங்களை மூச்சில் இழுக்கும்போது, சிலருடைய உடலின் எதிர்ப்பாற்றல் அளவுக்கு மீறிச் செயல்பட்டு நுரையீரலையே புண்படுத்துகிறது. ஒரே வீட்டில் நால்வர் அதே தூசியைச் சுவாசித்தும் ஒருவருக்கு மட்டும் வரலாம். 'எங்களுக்கெல்லாம் ஒன்றும் இல்லையே, உனக்கு மட்டும் என்ன' என்று நோயாளியைக் கடிந்துகொள்வது சரியன்று.

நோய் இருவிதமாக வெளிப்படும். முதலாவது, தூசியைச் சுவாசித்து நான்கு முதல் எட்டு மணி நேரத்திற்குள் காய்ச்சல், குளிர், உடல்வலி, இருமல், நெஞ்சு இறுக்கம் தோன்றி ஓரிரு நாட்களில் தணிவது. பகலில் கூட்டியவருக்கு இரவில் காய்ச்சல் வருவதால் இரண்டையும் இணைத்துப் பார்க்கத் தோன்றுவதில்லை. இரண்டாவது வகை ஓசையின்றி வளர்வது. மாதக்கணக்கில் வறட்டு இருமல், படியேறினால் மூச்சு வாங்குதல், உடல் எடை குறைதல், சோர்வு. வயதாகிவிட்டது என்றே பலர் விட்டுவிடுகின்றனர். தொடக்கத்திலேயே கண்டறிந்து தூசியிலிருந்து முற்றிலும் விலகினால் நுரையீரல் பெருமளவு மீளும். தேவைப்பட்டால் மருத்துவர் சில காலம் ஸ்டீராய்டு மாத்திரை தருவார். விழுந்துவிட்ட தழும்பை எம்மருந்தும் அகற்றாது. மாத்திரையை உட்கொண்டுவிட்டுப் புறா அடையும் பரணின் கீழேயே தொடர்ந்து உறங்கினால் சிகிச்சை பயன் தராது என்பதைக் குடும்பத்தினர் உணர வேண்டும்.

இதைப் படித்துவிட்டுச் சளிப் பரிசோதனையைத் தவிர்த்துவிட வேண்டாம். நம் ஊரில் இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமலுக்கு முதலில் காசநோயைத்தான் தேட வேண்டும். அது இல்லை என்றான பிறகும் இருமல் நிற்காவிடில், பறவையைப் பற்றிய பேச்சை நீங்களே தொடங்கவும்.

எச்சத்தால் வரும் மற்றொரு கேடு கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை. பழைய புறா எச்சத்தில் இது செழித்து வளரும். நல்ல எதிர்ப்பாற்றல் உள்ளவரை அரிதாகவே பாதிக்கும். எச்.ஐ.வி. தொற்று உள்ளவர், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர், புற்றுநோய் மருந்து அல்லது நீண்டநாள் ஸ்டீராய்டு பெறுபவர் ஆகியோருக்கு மூளை உறையைத் தாக்கலாம். நாட்கணக்கில் விடாத தலைவலி, காய்ச்சல், வாந்தி, வெளிச்சத்தைப் பார்க்கக் கூச்சம் ஆகியவை தோன்றினால் தலைவலி மாத்திரையோடு நின்றுவிடாமல் மருத்துவமனைக்கு வரவும். இவர்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் எச்சத்தைச் சுத்தம் செய்யும் வேலையில் இறங்கவே கூடாது.

வேறொருவர் செய்யும்போதும் காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டக் கூடாது. முதலில் சோப்பு நீரைத் தெளித்து நன்றாக ஊற விடவும். பின்னர் ஈரமாகவே வழித்தெடுக்கவும். கதவு சன்னல்களைத் திறந்து வைத்து, என்-95 முகக்கவசமும் கையுறையும் அணியவும். வாயில் துண்டைக் கட்டிக்கொள்வது நுண்தூசியைத் தடுக்காது. பிளீச்சிங் பவுடர் கரைசலைப் பயன்படுத்தினால் அதனுடன் கழிவறை ஆசிட்டைக் கலக்க வேண்டாம். நச்சு வாயு வெளிவரும். வேலை முடிந்ததும் குளித்து, உடையைத் தனியே துவைக்கவும். அதன்பின் பரணின் திறப்புகளுக்குக் கம்பி வலை அடித்துவிட்டால் ஆண்டுதோறும் இவ்வேலை இராது. முட்டையோ குஞ்சோ இல்லாத நேரம் பார்த்து அடிக்கவும்.

எச்சம் என்றாலே நஞ்சு என்று கொள்ள வேண்டியதில்லை. வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது. நெல்லை மாவட்டம் கூந்தன்குளத்தில் வீடுகளுக்கு நடுவேயுள்ள மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டுகின்றன. ஊர் மக்கள் அவற்றைப் பாதுகாக்கின்றனர். திறந்தவெளியில் ஈரமாக இருப்பது வேறு. மூடிய அறையில் காய்ந்து தூசியாவது வேறு.

பறவைகள் இறந்து கிடந்தால்

மின்மாற்றியின் அடியில் ஒரு காகம் இறந்து கிடந்தால் பெரும்பாலும் மின்சாரமே காரணம். ஒரே இடத்தில் அடுத்தடுத்துப் பல பறவைகள் இறந்து விழுந்தாலோ, கழுத்து திருகித் தள்ளாடினாலோ பறவைக் காய்ச்சலையோ நஞ்சையோ ஐயுற வேண்டும். இந்தியாவில் 2006ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலம் நவாப்பூர் பகுதிக் கோழிப் பண்ணைகளில் இந்நோய் முதன்முதலாக உறுதி செய்யப்பட்டது. 2021 ஜனவரியில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் காகங்களும், இமாச்சலப் பிரதேசத்தின் போங் அணையில் வலசை வந்த வாத்துகளும், கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் வளர்ப்பு வாத்துகளும் இறந்தன. அதே ஆண்டில் ஹரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவர் எச்5என்1 வைரஸ் தொற்றால் டெல்லியில் உயிரிழந்தார். மனிதருக்கு இது அரிதாகவே தொற்றும். தொற்றினால் கடுமையாக இருக்கலாம்.

இறந்த பறவையைத் தொட வேண்டாம். குழந்தைகளையும் நாய், பூனை, கோழிகளையும் விலக்கி வைத்து, அரசு கால்நடை மருந்தகத்திற்கோ கிராம நிர்வாக அலுவலருக்கோ தெரிவிக்கவும். மாதிரிகளைச் சேகரித்து ஆய்வகத்திற்கு அனுப்புவது அவர்களின் பணி. தவறுதலாகத் தொட்டுவிட்டால் சோப்பு இட்டுக் கை கழுவவும். கழுவும் வரை முகத்தைத் தொட வேண்டாம். பின்னர் பத்து நாட்கள் உடல்நிலையைக் கவனிக்கவும். காய்ச்சல், இருமல், தொண்டைவலி, மூச்சுத்திணறல் மட்டுமன்றி, கண் சிவந்து நீர் வடிவதும் இதன் அறிகுறியாகலாம். அப்போது முகக்கவசம் அணிந்து மருத்துவமனைக்குச் சென்று, பறவையைத் தொட்டதை முதலிலேயே சொல்லவும். ஒசல்டாமிவிர் என்னும் மருந்து அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்திற்குள் தொடங்கினால் அதிகப் பயன் தரும். சொல்லத் தாமதித்தால் அந்நேரம் கடந்துவிடும்.

நன்கு வேகவைத்த கோழியும் முட்டையும் உண்பதால் இந்நோய் வராது. உட்பகுதி வரை 70 டிகிரி செல்சியசுக்கு மேல் வெந்தால் வைரஸ் அழிந்துவிடும். அரைவேக்காட்டு முட்டையை மட்டும் தவிர்க்கவும். தானாக இறந்த பறவையை எப்படிச் சமைத்தாலும் உண்ணக் கூடாது. அது நஞ்சால் இறந்திருந்தால் நஞ்சு வெந்தாலும் போகாது.

கிளிக்குஞ்சு, கூடு, தண்ணீர்த் தொட்டி

பனைமரப் பொந்திலிருந்து விழுந்த கிளிக்குஞ்சைக் குழந்தைகள் வீட்டுக்குக் கொண்டுவருவர். நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் வளர்ப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. கிளிகளிடமிருந்து சிட்டகோசிஸ் என்னும் நுரையீரல் தொற்று வரலாம்; ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் காய்ச்சல், கடும் தலைவலி, வறட்டு இருமல் தோன்றும். வழக்கமாகத் தரும் சில ஆன்டிபயாட்டிக்குகள் இதற்குப் பயன்படா. டாக்சிசைக்ளின் நன்கு பயன்படும். எனவே கிளியைப் பற்றி மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். மருத்துவர் வனத்துறை அலுவலர் அல்லர்.

கூரையிடுக்கில் கட்டிய கூட்டிலிருந்து குஞ்சுகள் பறந்து சென்றபின், அதிலிருந்த சிறு உண்ணிகள் இரைக்காக வீட்டினுள் இறங்கி மனிதரைக் கடிக்கும். இரவில் அரிப்பும் சிறு சிவப்புத் தடிப்புகளும் தோன்றும். சொறி சிரங்கு என்று குடும்பம் முழுவதும் மருந்து பூசிக்கொள்வதற்கு முன், மேலே காலியான கூடு இருக்கிறதா என்று பார்க்கவும். கூட்டை அகற்றினால் சில வாரங்களில் தொல்லை ஓய்ந்துவிடும்.

மேல்நிலைத் தொட்டிக்கும் கிணற்றுக்கும் மூடியோ வலையோ இருக்க வேண்டும். எச்சம் விழுந்த நீரால் வயிற்றுப்போக்கு வரலாம். ஐயம் இருந்தால் கொதிக்க வைத்துப் பருகவும். மரத்தடியில் கொத்துப்பட்டுக் கிடக்கும் பழத்தைத் தின்ன வேண்டாம். கொத்தியது கிளியா, கடித்தது பழந்தின்னி வௌவாலா என்பது பழத்தைப் பார்த்தால் தெரியாது. கேரளத்தில் 2018ஆம் ஆண்டு பலரைப் பலிகொண்ட நிபா வைரஸ் அவ்வௌவால்களிடம் இருப்பது.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

எந்தப் பறவை, உயிருடன் இருந்ததா இறந்து கிடந்ததா, தொட்டீர்களா அல்லது அதன் எச்சத்தைச் சுத்தம் செய்தீர்களா, அது எத்தனை நாட்களுக்கு முன், அறிகுறி எப்போது தொடங்கியது, வீட்டில் வேறு எவருக்கேனும் அதே தொல்லை உண்டா. மருத்துவர் கேட்காவிட்டாலும் இவற்றைச் சொல்லவும். முதியவருடன் வரும் பராமரிப்பாளர் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவருவது இன்னும் நல்லது; கூட்டம் நிறைந்த புறநோயாளிகள் பிரிவில் பேசக் கிடைப்பது சில நிமிடங்களே. மூச்சுத்திணறல், மயக்கம், கண்ணில் துளைக்காயம், நிற்காத இரத்தப்போக்கு ஆகியவற்றுக்கு 108ஐ அழைக்கவும். மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுமா என்ற ஐயம் மட்டும் இருப்பின் 104 எண்ணில் எந்நேரமும் ஆலோசனை பெறலாம்.